பெயர்ப்பட்டியலை ஊர் நடுவே வாசித்தபோது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிராம சபையில் சிமெண்ட் சாலைக்கு இவ்வளவு, கழிவுநீர்க் கால்வாய்க்கு இவ்வளவு என்று வரவு செலவை மளமளவென்று படித்துவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது உன் கேள்வி. அதற்குத் தெளிவான விடை கண்டவர்கள் ராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள்.

1990 மே 1 அன்று அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த அருணா ராய், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். வறட்சி நிவாரண வேலையில் மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான கூலி வரவில்லை. கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், அளவுப் புத்தகத்தில் இருக்கிறது" என்ற பதில் வந்தது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். கூலிச் சண்டை கணக்குச் சண்டையாக மாறியது இப்படித்தான்.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊரில் ஒரு பொது விசாரணை நடந்தது. தகவல் சட்டம் எதுவும் இல்லாத காலம். பதிவேடுகள் கண்ணில் பட்டதே பெரிய காரியம். வேலைக்கு வந்தவர்கள் பட்டியலைப் பெயர் பெயராக உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயர் வந்தது. ஊரைவிட்டே போய்விட்டவர்கள் பெயர் வந்தது. கூரை போடாத ஒரு கட்டடம் தாளில் முழுதாக முடிந்திருந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார். அந்தப் பட்டியல் ஜெய்ப்பூரில் ஒரு தணிக்கையாளர் மேசைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூட்டல் சரி, கையெழுத்து சரி, முத்திரை சரி என்று திரும்பியிருக்கும். இன்னார் இறந்து பல வருஷம் ஆகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரியும். வேலை முடிந்ததாகத் தரும் சான்றிதழும், நிதியைச் செலவழித்துவிட்டதாகத் தரும் சான்றிதழும் அதிகாரி சொல்லும் வாக்குமூலங்கள், அவ்வளவுதான். தாளையும் தரையையும் அங்கே வேலை செய்தவரையும் ஒரே இடத்தில் கூட்டினால்தான் அது சோதனை.

இதெல்லாம் எளிதில் நடந்துவிடவில்லை. 1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்களுக்குத் தருவோம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு வருஷம் ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் தர்ணா தொடங்கி 40 நாள் நீடித்தது. பிற்பாடு ஊர் முன்னால் அம்பலப்பட்ட சில பஞ்சாயத்துத் தலைவர்கள் பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். தமிழ்நாடு 1997-லேயே தனித் தகவல் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதே ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டம், கிராம சபையே பணிகளைச் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தது.

இப்போது உங்கள் சிமெண்ட் சாலைக்கு வருவோம். தொகையை மட்டும் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வந்து நிற்கும். எஸ்டிமேட், வேலை உத்தரவு, ஒன்றிய அலுவலகத்தில் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள். தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. நகல் வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போ. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எஸ்டிமேட்டில் இருந்தால், போட வேண்டிய கான்கிரீட் 45 கன மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் கை வைத்தால் எல்லார் கண்ணிலும் படும். கனத்தில் கை வைத்தால் சட்டென்று தெரியாது. ஓரத்து மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கான்கிரீட்டின் அடிவரை அளந்து பார். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது, நாலைந்து இடத்தில் பார். எங்கே அளந்தாலும் 10 சென்டிமீட்டர்தான் என்றால் 30 கன மீட்டர்தான் இறங்கியிருக்கிறது; மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றொப்பத்தோடு கேட்டு வாங்கவும் அதே தகவல் சட்டத்தின் 2-ஆவது பிரிவே உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

கணக்கு ஒத்துவரவில்லை என்றதுமே திருட்டு என்று கத்திவிடாதே. நடுவில் எஸ்டிமேட்டைத் திருத்தியிருக்கலாம். அந்தத் தாளையும் கேள். கலவை போட்ட மேஸ்திரியிடமும் சித்தாள்களிடமும் பேசு. எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை நாள் வேலை ஓடியது என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, தனியாகப் போகாதே. தகவல் கேட்டதற்காகவே உயிரை இழந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். நாலு பேராகக் கையெழுத்துப் போடுங்கள், அளக்கும்போது வார்டு உறுப்பினரையும் ஓவர்சீயரையும் கூப்பிடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன் நகல்கள் கையில் இருக்க வேண்டுமென்றால், ஜூன் முடிவதற்குள் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள். பதில் வந்ததும் அளவுப் புத்தகத்தின் பக்கத்தை எனக்கும் ஒரு நகல் அனுப்பு. இருவருமாகக் கூட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்