செல்போனில் பங்கு விலை பார்ப்பது எப்படி? மலைச் சரக்கு வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



பங்கு மார்க்கெட் விலையை அறிய ஒரு காலத்தில் மறுநாள் பத்திரிகைக்குக் காத்திருந்தோம். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதை ஏறி வரும் பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு கொடைக்கானல் வந்து சேரும்போது, அதில் அச்சாகியிருக்கும் விலை ஒரு நாள் பழைய விலை. இன்று பூம்பாறையிலோ மன்னவனூரிலோ சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்றால், மும்பையில் அந்த நிமிடம் நடக்கும் விலை கையிலேயே தெரிகிறது. நம் கடைகளில் இளைய பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள்.

பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பார்க்கிற எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்து பார்க்க வேண்டும். வடுகபட்டி பூண்டு மார்க்கெட்டிலிருந்து ஒருவர் போனில் விலை சொன்னால் நாம் என்ன கேட்கிறோம்? எந்த ரகம், எத்தனை மூட்டை போனது, காலை விலையா மதிய விலையா, ரொக்கமா கடனா என்று கேட்கிறோம். இத்தனையும் கேட்ட பிறகுதான் சரக்கை இறக்குகிறோம். இதே கேள்விகளைச் செல்போன் திரையிடமும் கேட்கப் பழகிக் கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

1. எந்தச் செயலியில் பார்ப்பது?

ஆப் என்று நாம் சொல்லும் செயலிகள் மூன்று வகை. முதல் வகை, பங்குச் சந்தைகளே நடத்துபவை. நம் நாட்டில் பெரிய சந்தைகள் இரண்டு. 1875இல் தொடங்கிய பம்பாய் பங்குச் சந்தை ஒன்று. 1994 முதல் கணினி வழியாக வியாபாரம் நடத்தி வரும் தேசிய பங்குச் சந்தை மற்றொன்று. தேசிய பங்குச் சந்தை 2024 நவம்பரில் தன் செயலியை வெளியிட்டது. அதே சமயத்தில் அதன் இணையதளம் தமிழிலும் வந்தது. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது வகை, பங்குத் தரகர்களின் செயலிகள். வாங்குவதும் விற்பதும் இவற்றில்தான் நடக்கும். மூன்றாவது வகை, விலையை மட்டும் காட்டும் செய்திச் செயலிகள். இவற்றில் சில, விலையைச் சில நிமிடம் தாமதித்தே காட்டும். விலைக்குப் பக்கத்தில் எந்த நேரத்து விலை என்று சிறு எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பெருமாள்மலையைத் தாண்டும்போது சிக்னல் விட்டுப் போனால், திரையில் நிற்பது விட்டுப் போன நேரத்து விலை. சந்தை நேரம் வேலை நாட்களில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. அதற்குப் பின் பார்ப்பது முடிந்த கணக்கு.

பழகுவதற்கு விலை பார்த்தாலே போதும். கணக்குத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரு காசும் செலவில்லை. நான்கைந்து கம்பெனிப் பெயர்களைக் குறித்து வைத்து மூன்று மாதம் பார்த்து வாருங்கள்.

2. திரையில் தெரியும் எண்கள்

கடைசி விலை: பெரிய எழுத்தில் தெரிவது இதுதான். கடைசியாக யாரோ ஒருவர் விற்று, யாரோ ஒருவர் வாங்கிய விலை. நமக்கும் அதே விலை கிடைக்கும் என்று உறுதி கிடையாது.

ஏற்ற இறக்கச் சதவீதம்: பச்சையிலும் சிவப்பிலும் தெரியும் இந்த எண், முந்தைய வேலை நாளின் முடிவு விலையோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு. காலையில் 3 சதம் ஏறித் தொடங்கி, பிறகு இறங்கி 1 சதத்தில் நிற்கும் பங்கும் பச்சையாகவே தெரியும். காலையில் வாங்கியவருக்கு அது நஷ்டம்.

கைமாறிய எண்ணிக்கை: அன்று எத்தனை பங்குகள் விற்பனையாயின என்ற கணக்கு. இதை நம்மில் பலர் பார்ப்பதில்லை. ஏலக்காயை நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் போனதென்று ஊரெல்லாம் பேச்சு. அது அன்றைய உச்ச விலை. உயர்ந்த ரகத்தில் சிறு அளவுக்குக் கிடைத்தது. அன்றைய சராசரி அதைவிட மிகவும் கீழே இருந்தது. உச்ச விலையை நம்பி இருப்பு வைத்தவர்கள், 2021-22இல் சராசரி கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி இறங்கியதையும் பார்த்தார்கள். பங்கிலும் இப்படித்தான். கொஞ்சம் பங்கு கைமாறி விலை ஏறினால், அந்த விலையில் நம் சரக்கு முழுவதையும் விற்க முடியாது.

வாங்குவோர், விற்போர் பட்டியல்: இடது பக்கம் ஐந்து வாங்கும் விலை, வலது பக்கம் ஐந்து விற்கும் விலை இருக்கும். பெரிய கம்பெனிப் பங்கில் இரண்டுக்கும் இடையே சில பைசாதான் வித்தியாசம். சிறு கம்பெனியில் வாங்க வருபவர் 40 ரூபாய், விற்பவர் 42 ரூபாய் என்று நிற்கும். அதை வாங்கிய நிமிடமே விற்றால் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் போய்விடும். இந்த இடைவெளியைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. வாங்கும்போதும் 'கிடைக்கிற விலைக்கு' என்று ஆர்டர் போடாமல், 'இந்த விலைக்கு மேல் வேண்டாம்' என்று வரம்பு கட்டிப் போடுவது நல்லது. சிக்னல் விட்டு விட்டு வரும் மலைப்பகுதியில் இது மிகவும் அவசியம்.

மேல் வரம்பு, கீழ் வரம்பு: பல பங்குகளுக்கு ஒரே நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று சந்தை வரம்பு வைத்திருக்கிறது. கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால் விற்க ஆயிரம் பேர் இருப்பார்கள், வாங்க ஆள் இருக்காது. திரையில் விலை இருக்கும், கையில் பணம் வராது.

3. இறங்காமலே இறங்கியதாகத் தெரிவது

2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கைப் பார்த்துப் பலர் திடுக்கிட்டனர். 2,650 ரூபாயைச் சுற்றி இருந்த பங்கு, 1,330 ரூபாயைச் சுற்றி நின்றது. கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கொடுத்தார்கள். நூறு கிலோ மூட்டை ஒன்றை ஐம்பது கிலோ மூட்டை இரண்டாகப் பிரித்தால் மூட்டை விலை பாதியாகும். சரக்கின் மதிப்பு மாறாது. ஆகவே ஒரே நாளில் விலை பாதியாகத் தெரிந்தால் பதறி விற்க வேண்டாம். கம்பெனி அறிவிப்புகள் என்ற பகுதியில் போனஸ், பங்குப் பிரிப்பு, டிவிடெண்ட் ஏதும் உண்டா என்று பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 20 ரூபாய்ப் பங்கு மலிவு, 2,000 ரூபாய்ப் பங்கு விலை அதிகம் என்று நினைப்பது தவறு. ஒரு கடை ஆண்டுக்கு 5 லட்சம் லாபம் தருகிறது, அதை 1 கோடிக்கு விலை பேசுகிறார்கள் என்றால், லாபத்தைப் போல் 20 மடங்கு கேட்கிறார்கள் என்று பொருள். பங்கிலும் விலையை ஒரு பங்கின் ஆண்டு லாபத்தால் வகுத்தால் இதே எண் வரும். செயலியிலேயே இது போட்டிருக்கும். ஒரே தொழிலில் உள்ள இரண்டு கம்பெனிகளை இந்த எண்ணை வைத்து ஒப்பிடலாம்.

4. திரை காட்டாத செய்தி

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை அறியாதவர் இல்லை. பாண்ட்ஸ் கம்பெனி 1980களில் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடப்பது 2001 மார்ச்சில் வெளியே வந்தது. அதோடு ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் முடிந்தது. அந்தக் கண்ணாடியைப் பங்கு விலையைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே நடந்து பார்த்தவர்கள்தான் கண்டார்கள். விலை என்பது வாங்குவோரும் விற்போரும் அந்த நேரத்தில் நினைப்பது. கம்பெனி செய்கிற காரியம் முழுவதும் அதில் தெரியும் என்று எண்ணக் கூடாது.

5. காப்பி விலைக்கும் இதே முறை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி வாங்கும் உறுப்பினர்கள் நியூயார்க் விலையையும் செல்போனிலேயே பார்க்கிறார்கள். காப்பி போர்டே சரக்கு முழுவதையும் வாங்கி விற்ற முறை 1996இல் முடிந்தது. அன்று முதல் உலக விலை நேராகத் தோட்டத்துக்கே வருகிறது. 2025 பிப்ரவரியில் அராபிகா ஒரு ராத்தல் 4 டாலரைத் தாண்டியது. ராத்தல் என்பது 453.6 கிராம். ஆகவே 4 டாலர் என்றால் கிலோ 8.82 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 750 ரூபாய். இது சுத்தம் செய்து தரம் பிரித்த பச்சைக் கொட்டைக்கு உரிய விலை. தோட்டத்தில் வாங்கும் சரக்குக்கு அப்படியே பொருந்தாது. விவசாயியும் இதே எண்ணைத் தம் செல்போனில் பார்க்கிறார் என்பதை மறக்க வேண்டாம். உமி, ஈரம், கழிவு, கூலி, லாரி வாடகை என்று கணக்கை விரித்துச் சொல்கிற வியாபாரியிடம்தான் அவர் மறுபடியும் வருவார்.

6. போலிச் செயலிகள்

இது மிக முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பெரிய கம்பெனி பெயரில் ஒரு செயலியை இறக்கச் சொல்கிறார்கள். பணம் போட்டதும் திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், முதலில் வரி கட்டு, கமிஷன் கட்டு என்பார்கள். அந்தத் திரையில் தெரிந்தது விலையே அல்ல, வெறும் படம். தற்காப்பு இதுதான்:

அ. தரகர் செபியில் பதிவு பெற்றவரா என்று செபி இணையதளத்திலேயே சரி பார்க்க வேண்டும். குழுவில் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பக் கூடாது.

ஆ. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து செயலியை இறக்கக் கூடாது. தனி நபர் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்பக் கூடாது.

இ. நம் பங்குகள் உண்மையில் இருப்பது என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற இருப்பகத்தில். அங்கிருந்து நேராக வரும் கணக்கு அறிக்கையை, கடைச் சரக்கு இருப்பைச் சரி பார்ப்பது போல் ஒப்பிட வேண்டும்.

ஈ. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கை மாறுவதற்குள் சொன்னால் வங்கியில் நிறுத்த வழி உண்டு.

7. கடை முதல் வேறு, பங்கு முதல் வேறு

நம் தொழிலில் கையில் இருக்கும் பணமெல்லாம் நம் பணம் அல்ல. அதில் பூண்டு போட்ட விவசாயிக்குத் தர வேண்டியதும் உண்டு, லாரிக்காரர் பாக்கியும் உண்டு, அடுத்த நடவுக்குக் கேட்கும் முன்பணமும் உண்டு. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள், அதாவது சுமார் 13 சதம், ஒரே நாளில் விழுந்தது. நடுவில் 45 நிமிடம் வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. சும்மா கிடந்த பணத்தைப் போட்டவர் எட்டு மாதம் பொறுத்தார், தப்பித்தார். கொள்முதல் பணத்தைப் போட்டவரால் பொறுக்க முடியாது. கவுஞ்சியிலிருந்து வந்து கடை வாசலில் நிற்கும் விவசாயியிடம், சந்தை ஏறட்டும் தருகிறேன் என்று சொல்ல முடியுமா? நம் பேச்சுக்கு இருக்கும் மதிப்புதான் நமக்குப் பெரிய முதல்.

ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வியாபாரம் பற்றி ஒரே ஒரு செய்தி. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனி நபர்களில் 93 சதம் பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நூறு கடையில் 93 கடை மூடுகிற தெருவில் நாம் கடை எடுப்போமா?

வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்ற பங்கு லாபத்துக்கு 20 சதம். ஓராண்டு கடந்து விற்றால், ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதம். பங்குக் கணக்கைக் கடைப் பேரேட்டில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கிலும் தனி நோட்டிலும் எழுதி வாருங்கள். செல்போனை நாளுக்கு இரண்டு முறை, மதிய இடைவேளையிலும் சந்தை முடிந்த பின்னும் பார்த்தால் போதும். எடை போடும் நேரத்தில் கண் திரையில் இருந்தால் நஷ்டம் தராசில்தான் வரும்.

பயிற்சி

(1) 250 ரூபாய்ப் பங்கு 200க்கு இறங்கியது. மறுபடி 250 ஆக எத்தனை சதம் ஏற வேண்டும்?

(2) வாங்குபவர் 40, விற்பவர் 42 என்று நிற்கும் பங்கில் 500 வாங்கி உடனே விற்றால் நஷ்டம் எவ்வளவு?

(3) 900 ரூபாய்ப் பங்கு 100 உள்ளது. இரண்டுக்கு ஒன்று போனஸ். பிறகு எத்தனை பங்கு, விலை சுமார் எவ்வளவு?

விடை: (1) இறங்கியது 20 சதம்தான், ஆனால் 25 சதம் ஏற வேண்டும். (2) 1,000 ரூபாய், தரகும் வரியும் தனி. (3) 150 பங்கு, சுமார் 600 ரூபாய். மொத்த மதிப்பு அதே 90,000.

மூன்றையும் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். செயலியை இயக்க அவர்கள் நமக்குச் சொல்லித் தரட்டும். சரக்கைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லித் தருவோம். ஐயம் இருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்குத் தங்கள் செல்போனையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.