ஹெல்மெட்டில் ஒரு சின்னக் கண்ணாடி

ஹெல்மெட் ஓரத்திலோ மூக்குக்கண்ணாடி பிரேமிலோ கட்டைவிரல் அகலக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவரைப் பார்த்தால், நம் ஊரில் முதலில் வருவது சிரிப்பு, அடுத்து அறிவுரை. "இத்தனூண்டு கண்ணாடியில் என்ன தெரியும்?" என்பார் ஒருவர். "அவ்வளவு கிட்ட வைத்தால் கண் கெட்டுப்போகும்" என்பார் இன்னொருவர். சைக்கிளிலேயே ஊறியவரோ, "இதை மாட்டினால் தலையைத் திருப்பும் பழக்கமே போய்விடும்" என்பார். கடைசியாகச் சொன்னவர் பேச்சில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

முதல் சந்தேகத்தை ஒரு ஸ்கேலை வைத்தே தீர்த்துவிடலாம். தட்டையான கண்ணாடியில் எவ்வளவு தெரியும் என்பது அதன் அகலத்தை மட்டும் பொறுத்ததல்ல, கண்ணுக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும் பொறுத்தது. ஹேண்டில்பாரில் 7.5 செ.மீ. அகலக் கண்ணாடி இருக்கிறது, கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி என்று வைத்துக்கொள்வோம். அது காட்டுவது ஏறக்குறைய 7 டிகிரி. ஹெல்மெட்டில் 3 செ.மீ. அகலம்தான், ஆனால் கண்ணிலிருந்து 8 செ.மீ. தூரத்தில். அது காட்டுவது சுமார் 21 டிகிரி. சாவித்துவாரத்தில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பதற்கும் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அதோடு, தலையைக் கொஞ்சம் அசைத்தால் காட்சியும் கூடவே நகர்கிறது. பின்னால் இருக்கும் சாலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை துழாவிவிடலாம். ஹேண்டில்பார் கண்ணாடியில் இது முடியாது. குண்டும் குழியுமான சாலையில் அது நடுங்குகிற நடுக்கத்தில், வருவது பேருந்தா பைக்கா என்றே பிடிபடாது.

காட்சி குறுகிவிடும் குறையை ஈடுகட்டத்தான் ஹேண்டில்பார் கண்ணாடிகள் பலவும் குவி ஆடியாக வருகின்றன. அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். லாரி இன்னும் தூரத்தில் இருப்பதாக மனம் கணக்குப் போட்டுவிடும். ஹெல்மெட்டில் மாட்டுவது தட்டைக் கண்ணாடியாக இருந்தால் தூரம் ஏமாற்றாது. மணிக்கட்டில் பட்டைபோலக் கட்டிக்கொள்ளும் கண்ணாடிகளும் விற்பனைக்கு உண்டு. அவை கண்ணிலிருந்து தூரம் என்பதால் ஹேண்டில்பார் கண்ணாடியின் குறைகள் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் கையைத் திருப்பிக் கோணம் தேட வேண்டிய வேலை கூடுதல். எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை.

கண் கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு எட்டாம் வகுப்பு ஒளியியலே போதும். 40 மீட்டர் பின்னால் வரும் லாரியின் பிம்பம், கண்ணாடிக்குப் பின்னே அதே 40 மீட்டரில்தான் விழுகிறது. கண் குவிவது அந்தத் தூரத்துக்குத்தான், 8 செ.மீ.க்கு அல்ல. பேப்பர் படிக்க மூக்குக்கண்ணாடி தேவைப்படும் வயதுக்காரருக்கும், தூரப்பார்வை நன்றாக இருந்தால், இதில் தெளிவாகத் தெரியும். உண்மையான சிரமம் வேறு. பிம்பம் ஒரு கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது; இரண்டு கண்ணும் இரண்டு வேறு காட்சியைப் பார்க்கும்போது ஆரம்பத்தில் மூளை தடுமாறும். வண்டி நடமாட்டம் குறைந்த தெருவில் ஓட்டிப் பழகிய பிறகே பெரிய சாலைக்குப் போக வேண்டும். கண்ணாடியைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டால், குறுக்குத் தெருவிலிருந்து வருகிறவரை அது மறைக்காது.

இனி பெரிய நம்பிக்கை: கண்ணாடி இருந்தால் பின்னாலிருந்து வரும் மோதலைத் தவிர்த்துவிடலாம். நீங்கள் மணிக்கு 20 கி.மீ., லாரி 60 கி.மீ. என்றால் இடைவெளி விநாடிக்கு 11 மீட்டர் வீதம் சுருங்கும். 55 மீட்டரில் பார்த்தாலும் கையில் இருப்பது 5 விநாடி. அதற்குள் மோதப்போகிற லாரியையும் ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப்போகிற லாரியையும் பிரித்தறிவது கடினம். கடைசிக் கணம் வரை இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கண் முன்னால் இருக்கும் சாலையையும் பார்த்தாக வேண்டும்.

அதற்காக, "பின்னாலிருந்து மோதுவதே அபூர்வம், ஆகவே கண்ணாடி வீண்" என்ற எதிர்வாதத்தையும் ஏற்க முடியாது. கிராஸ், ஃபிஷர் என்ற இருவர் 1977இல் அமெரிக்காவில் வெளியிட்ட சைக்கிள் விபத்து ஆய்வில், முந்திச்செல்லும் வண்டி மோதியவை காயத்தோடு முடிந்த விபத்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உயிர்போன விபத்துகளிலோ அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எண்ணிக்கையில் குறைவு, கொடுமையில் அதிகம்.

கண்ணாடியின் அசல் உபயோகம் இவ்வளவு நாடகத்தனமானதல்ல. முன்னால் ஒரு பள்ளம், எழும்பி நிற்கும் சாக்கடை மூடி, ஆள் ஏற்ற நின்றுவிட்ட ஷேர் ஆட்டோ. வலப்பக்கம் விலகியே ஆக வேண்டும். இப்போதா, பின்னால் வரும் வேன் போன பிறகா? இதை முப்பது மீட்டர் முன்பே தீர்மானிக்க உதவுவதுதான் அதன் வேலை. பழக்கமில்லாதவர் தலையை வலப்பக்கம் திருப்பினால் தோளும் திரும்பும், சைக்கிளும் வலப்பக்கம் சாயும், அதாவது வண்டிகள் வரும் பக்கமே. கண்ணாடியில் பார்த்தால் சக்கரம் கோட்டில் நிற்கும். கழுத்து பிடித்துக்கொண்ட வயதானவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

ஆனால் விலகும் முன் கடைசியாகத் தோளுக்கு மேல் ஒரு பார்வை தேவைதான். காரணம் இரண்டு. உங்கள் முழங்கைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்ட பைக் கண்ணாடியில் விழாது. அதைவிட முக்கியம், தலை திரும்புவதைப் பின்னால் வருகிறவர் பார்க்கிறார், "இவர் விலகப் போகிறார்" என்று புரிந்துகொள்கிறார். கருவிழி மட்டும் அசைந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? ஊறியவர் சொன்னதில் இருந்த நியாயம் இதுதான்.

காது போதும் என்பாரும் உண்டு. வேகம் கூடினால் காதில் காற்றுதான் இரைகிறது, பேட்டரி ஸ்கூட்டரோ அரவமின்றி வந்து நிற்கிறது. ரேடார் போதும் என்பவர்களுக்கு: கார்மின் வாரியா போன்ற கருவி 140 மீட்டர் தூரத்திலேயே வண்டி வருவதைச் சொல்லிவிடும். ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் அருமை. ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறி வண்டிகள் கூடியதும் அது ஓயாமல் கத்தும். வருகிறவர் ஒதுங்கி வருகிறாரா, ஒட்டி வருகிறாரா என்று சொல்லாது.

விழுந்தால் கண்ணில் குத்தும் என்ற பயம் மட்டும் வீணல்ல. கண்ணாடிச் சில்லாக உடையாத அக்ரிலிக், இடித்தால் தானே கழன்றுவிடும் பிடிப்பு, இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டுவதற்காக ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள்.

வாங்கும்போது இன்னொன்று. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தவை இடப்பக்கம் மாட்டுவதற்கானவை, அங்கே வண்டிகள் இடப்பக்கமாகத்தான் முந்தும். நமக்கு வலப்பக்கம் வேண்டும். சிலவற்றைத் திருப்பி மாட்டலாம், சிலவற்றில் முடியாது. இடப்பக்கச் சந்தில் நுழைந்து வரும் பைக்குகளை வலப்பக்கக் கண்ணாடி காட்டாது. அந்தப் பக்கத்துக்குக் கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். கோணத்தைக் கடையில் நின்றபடி சரிசெய்யாமல், சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து, ஓட்டும்போது குனிகிற அளவுக்குக் குனிந்து சரிசெய்யுங்கள். கண்ணாடியின் உள்ளோரத்தில் உங்கள் காது நுனி லேசாகத் தெரிய வேண்டும். முழுக் காதும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள்.