கொல்லாமை, கூண்டோடு முடிவதில்லை



"மனுசனுக்கே இடமில்ல, தெருநாயைக் காப்பாத்தி என்ன ஆகப் போவுது?" என்று எங்கள் மன்ற வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சேர்ந்தே யோசிப்போம்.

கொல்லாக் காப்பகம் என்றால் என்ன? இடமில்லை, வளர்க்க ஆளில்லை என்பதற்காக, நலமாக உள்ள அல்லது குணப்படுத்தக்கூடிய பிராணியைக் கொல்லாத இடம். தீராத வேதனையில் கிடக்கும் பிராணிக்கு மருத்துவர் ஊசி போட்டு விடுதலை தருவது வேறு விஷயம்.

2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் வந்தபோது, பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டார்கள். மக்களின் பயம் எனக்குப் புரிகிறது. அந்த நோய் முற்றினால் பிழைப்பது அரிது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வழி தடுப்பூசி. நாய்களில் 70 விழுக்காட்டுக்குப் போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கண்டபடி கொன்றால் ஊசி போட்ட நாயும் சேர்ந்து போகும். காலியான இடத்துக்குப் பக்கத்துத் தாமானிலிருந்து ஊசி போடாத நாய் வந்துடும்.

அதற்காகக் காப்பகம் கட்டிவிட்டால் போதுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பகத்தில் நான் கூண்டு கழுவப் போவேன். காலையில் வாசலைத் திறந்தால் பெட்டியில் பூனைக்குட்டிகள் கிடக்கும். போட்டுட்டுப் போனவருக்குப் புண்ணியம் செய்த திருப்தி! உள்ளேயோ நெரிசல். ஒரு பூனைக்குச் சளிக் காய்ச்சல் வந்தால் வரிசையே படுத்துடும். பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். எத்தனை கூண்டு கட்டினாலும் எட்டாது.

ஆகவே கருத்தடை, தடுப்பூசி, தத்தெடுப்பு மூன்றும் சேர்ந்தால்தான் கொல்லாக் காப்பகம் நிற்கும்.

திருக்குறளின் 33-ஆம் அதிகாரம் கொல்லாமை. வைரவர் சன்னதியில் நாயையும் சேர்த்தே கும்பிடுகிறோம். வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஊசி போட எத்தனை பேர் கை கொடுக்கிறோம்?

இந்த மாதம் செய்ய:

1. வீட்டுப் பூனை, நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டதா? வீட்டில் பேசுங்கள்.
2. குட்டி வேண்டுமென்றால், கடைக்கு முன் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள்.
3. உங்கள் மன்றம் ஒரு தெருநாயின் கருத்தடை, ஊசிச் செலவை ஏற்க முடியுமா? அடுத்த வகுப்பில் முடிவெடுத்து வாருங்கள்.