குடும்பப் பாடம்: காதல் சித்திரக்கதையில் நாம் பார்ப்பது என்ன?



உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் முடிந்து, தேநீர் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். உயர்தரம் படிக்கும் அந்த வீட்டுப் பிள்ளையின் கைத்தொலைபேசியை அவளுடைய பெரியம்மா வாங்கி என்னிடம் நீட்டினார். "சுவாமி, இதைப் பாருங்கோ. இதைத்தான் இரவு பன்னிரண்டு மணிவரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். பார்த்தேன். அது ஒரு யப்பானியக் காதல் சித்திரக்கதை. பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். அவளுடைய பெட்டகத்துக்குள் ஒரு சிவப்புத் துண்டு தொங்குகிறது. சுற்றி நிற்கும் மாணவர் அனைவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உடனே ஒரு வாதம் தொடங்கிவிட்டது. "உதெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கிற வேலை" என்றார் பெரியம்மா. துறைமுகத்தில் வேலை செய்யும் தகப்பன் கதையை ஓரளவு அறிந்திருந்தார் போலும், "கடைசியில அவன் திருந்தி அவளைத்தானே விரும்புறான், பிறகென்ன?" என்றார். "கீறினவவே ஒரு பெண்தான்" என்று தமையன் குறுக்கிட்டான். பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டு, "இது கதை, பாதர். உண்மையில இப்படி ஒருத்தன் வந்தா நான் பாத்துக்கொண்டா நிப்பன்?" என்றாள்.

நால்வர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் அந்த நால்வரில் ஒருவரும் அந்தப் படத்தை மறுபடி பார்க்கவில்லை. இந்த வாரப் பாடத்துக்கு அதுவே காரணம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது யோக்கோ கமியோ என்னும் பெண் ஓவியர் 1992 இல் 'மார்கரெட்' என்ற யப்பானியச் சஞ்சிகையில் தொடங்கிய 'ஹனா யோரி டாங்கோ'. பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வந்தது. தைவான் அதை 2001 இல் தொலைக்காட்சித் தொடராக்கியது. யப்பான் 2005 இல். கொரியா 2009 இல். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சேருகிறாள். அங்கே நான்கு செல்வந்த வாலிபர் வைத்ததே சட்டம். அவர்களின் தலைவனுக்கு ஒருவரைப் பிடிக்காவிட்டால் பெட்டகத்தில் சிவப்புத் துண்டு விழும். அன்றிலிருந்து முழுப் பள்ளிக்கூடமும் அந்த ஆளை வதைக்கும். இவளுக்கும் துண்டு விழுகிறது. இவளோ திருப்பி அடிக்கிறாள். அடிவாங்கியவன் இவள்மேல் காதல் கொள்கிறான். கதையின் தொடக்கப் பகுதியில் ஓரிடத்தில் பலவந்தமாக நெருங்கவும் செய்கிறான். அவள் அழத் தொடங்கிய பின்புதான் விடுகிறான். இவன்தான் கதாநாயகன். ஆசியா முழுவதும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் இவனுக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டேன்: "உங்கட காலத்தில நீங்கள் சித்திரக்கதை வாசிக்கேல்லையோ?" அவர் சற்று வெட்கப்பட்டார். வாசித்திருக்கிறார். இந்த நாட்டில் 1951 இல் 'லங்காதீப'வில் ஜி.எஸ். பெர்னாண்டோ 'நீலா' வரைந்த நாள்முதல் சிங்களச் சித்திரக்கதைக்குப் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. 1972 இல் 'சதுட்ட' வந்தது. அந்த வகைப் பத்திரிகைகளைத் திருகோணமலை பஸ் நிலையத்தில் தமிழரும் வாங்கி வாசித்தார்கள். அதே 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. ஆகவே சித்திரக்கதை என்பது தொலைபேசியோடு நேற்று வந்திறங்கிய பண்டமன்று. அம்மாமாரும் மாமாமாரும் வாசித்ததை மருமக்கள் வேறு கண்ணாடியில் வாசிக்கிறார்கள்.

"தடுத்தால் போதும்" என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததை அறிந்திருப்பது நல்லது. அங்கே ஜோ சைமன், ஜாக் கேர்பி என்னும் இருவர் 1947 இல் 'யங் ரொமான்ஸ்' என்ற முதல் காதல் சித்திரக்கதை இதழைக் கொண்டுவந்தார்கள். அது காட்டுத்தீயாய்ப் பரவியது. அந்த நாட்டு ஆயர்கள் 1938 இலேயே நல்ல வாசிப்புக்கென ஓர் அமைப்பை நிறுவி, வெளியாகும் நூல்களையும் சித்திரக்கதைகளையும் தரம் பிரித்துவந்தார்கள். கூக்குரல் வலுத்தபோது 1954 இல் பதிப்பாளர்கள் தாமே ஒரு ஒழுக்க விதிக்கோவை எழுதிக்கொண்டார்கள். காதல் கதைகள் இல்லத்தின் மேன்மையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும், மணமுறிவை நகைச்சுவையாக்கக் கூடாது, வன்முறையான காதற் காட்சிகள் ஆகாது என்றெல்லாம் விதித்தார்கள். நல்ல விதிகள்தாம். ஆயினும் சந்தேகப்படுகிறவனைப் பற்றி, காதலியின் நட்புகளை ஒவ்வொன்றாய் அறுக்கிறவனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. உடையின் நீளத்தை அளக்க முடிந்தது. பொறாமையின் நீளத்தை எந்தக் கோலால் அளப்பது?

நமது திருச்சபை 1963 இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சமூகத் தொடர்பு ஆணையில், தீமையைச் சித்திரிப்பதால் மனிதனைப் பற்றிய ஆழமான அறிவு கிடைக்கக்கூடும் என ஒப்புக்கொண்டது. அதற்கு ஒழுக்கக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலும் 1966 இல் தன் சட்டவலுவை இழந்தது. அப்படியானால் பொறுப்பு யார் கைக்கு வந்தது? வாசிக்கிறவர் கைக்கும், அவர் வீட்டார் கைக்கும்.

சரி, எப்படி வாசிப்பது? சித்திரக்கதை எழுத்துக்கதையைப் போன்றதன்று. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே சிறிய வெள்ளை இடைவெளி ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் அவன் கை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. அடுத்த கட்டத்தில் அவள் முகம் சிவந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? வலியா, அச்சமா, நாணமா? ஓவியர் அதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்புகிறவர் வாசகர். நம்முடைய பிள்ளை அதைக் காதல் என்று நிரப்பினால், அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்தோ ஏற்கனவே கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள். சினிமாவில் கிடைத்திருக்கலாம், நம் அடுப்படியிலும் கிடைத்திருக்கலாம்.

மேலும், யப்பானில் பெண்பிள்ளைகளுக்கென வரையும் இந்த வகைக் கதைகளில் மனநிலையைக் காட்டப் பின்னணியிலே பூக்களையும் மினுக்கங்களையும் வரைவது வழக்கம். கதாநாயகன் கடுஞ்சொல் பேசினாலும் பின்னால் ரோசா மலர்ந்திருக்கும். கண் முதலில் பூவைப் பார்க்கும். காது பிறகுதான் சொல்லைக் கேட்கும்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த ஒரு பக்கத்தை எடுக்கச் சொன்னேன். பூக்களையும் அவனுடைய அழகான முகத்தையும் பெருவிரலால் மறைத்துவிட்டு, அவன் என்ன செய்கிறான் என்று வினைச்சொல்லை மட்டும் வாசிக்கச் சொன்னேன். "இழுக்கிறான்... கத்துறான்... போக விடமாட்டன் எண்டு சொல்லுறான்" என்று வாசித்தாள். "இவன் வீட்டில் கார் இல்லை, முகமும் இப்படி இல்லை என்று வைத்துக்கொள். அப்போது?" என்றேன். "பொலிசுக்குப் போவம்" என்று சிரித்தாள். பிறகு அந்தப் பக்கத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவள் சொன்னது எனக்கும் ஒரு பாடம்: "ஆனா பாதர், அவளும் அடிபணியேல்ல. அதுக்காகத்தான் நான் இதை வாசிக்கிறன்." நியாயமான பதில். அவள் அவனுக்காக வாசிக்கவில்லை; எதிர்த்து நிற்பவளுக்காக வாசிக்கிறாள். பெரியவர்களாகிய நாம் அட்டையைப் பார்த்துத் தீர்ப்பிடுகிறோம். பிள்ளை அங்கே யாரோடு தன்னைச் சேர்த்துக்கொள்கிறாள் என்று கேட்பதில்லை.

காதலின் பெயரில் நடக்கும் கொடுமையை வேதாகமம் மறைத்ததில்லை. சாமுவேல் இரண்டாம் நூலின் 13 ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். ஞாயிறு வாசகத்தில் கேட்டிருக்கமாட்டீர்கள். தாவீதின் மகன் அம்னோன் தன் மாற்றாந்தாய் மகள் தாமார்மேல் காதல் கொண்டு நோயாளிபோல் மெலிகிறான். நூல் அதைக் காதல் என்றே தொடக்கத்தில் குறிப்பிடுகிறது. நண்பன் ஒருவன் தந்திரம் சொல்லிக்கொடுக்கிறான். நோயாளியாய் நடித்து, அவளைச் சமைத்து எடுத்துவரச் செய்து, பலவந்தம் பண்ணுகிறான். செய்து முடித்ததும் முன்பிருந்த காதலைவிடப் பெரிய வெறுப்போடு அவளை வெளியே தள்ளிக் கதவை அடைக்கச் சொல்கிறான். இங்கே பூக்கள் இல்லை. தாமார் என்ன சொல்லி மன்றாடினாள் என்பதை நூல் முழுமையாய் எழுதிவைக்கிறது. அவள் தலையில் சாம்பலைப் போட்டு, ஆடையைக் கிழித்து, அழுதுகொண்டே போனதையும் எழுதுகிறது. அதன்பின் வருவதுதான் என்னை எப்போதும் உறுத்துவது. சொந்த அண்ணன் அப்சலோம் அவளைச் சும்மா இருக்கச் சொல்கிறான். தகப்பன் தாவீது கோபப்படுகிறான்; ஆனால் ஒன்றும் செய்யவில்லை.

இதை எழுதும்போது நான் ஒன்றை ஒளிக்கக் கூடாது. குருத்துவம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், வேறொரு பங்கில், ஒரு இளந்தாய் என்னிடம் வந்தாள். கணவன் அவளுடைய தொலைபேசியைத் தினமும் பரிசோதிக்கிறான்; தாய்வீட்டுக்குப் போகவிடுவதில்லை; இரண்டு தடவை கைநீட்டியுமிருக்கிறான். "என்மேல சரியான பாசம் சுவாமி, அதாலதான் சந்தேகம்" என்று அவளே அவனுக்காக வாதாடினாள். நான் திருமணத் திருவருட்சாதனத்தின் மேன்மையைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொல்லி, செபமாலை சொல்லச் சொல்லி, பொறுத்துப்போகும்படி அனுப்பிவைத்தேன். அவள் மறுபடி என்னிடம் வரவில்லை. கையில் கட்டோடு வைத்தியசாலையில் படுத்திருந்தபோதுதான் நான் அவளைக் கண்டேன். அவள் எந்தச் சித்திரக்கதையும் வாசித்தவள் அல்ல. இடைவெளியை அவள் நிரப்பியதும் அதே சொல்லால்தான். நானும் அதற்குப் பூ வரைந்துகொடுத்தேன்.

நான் கற்றிருந்த திருச்சபைச் சட்டமே வேறு விதமாய்ச் சொல்லியிருந்தது. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153 ஆம் பிரிவின்படி, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பாரிய ஆபத்து விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ மற்றவருக்கு நியாயமான காரணம் உண்டு. தாமதம் ஆபத்தானால் தாமாகவே பிரியலாம். மற்ற வேளையில் ஆயரின் அனுமதி வேண்டும். பிரிந்திருப்பதும் மணக்கட்டு அவிழ்வதும் வேறு வேறு என்பதைப் பலர் அறியார். அறியாதபடியால் அடிபட்டுக்கொண்டு இருக்கிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016 இல் 'அன்பின் மகிழ்ச்சி' என்ற திருத்தூது ஊக்கவுரையில், நலிந்த துணைவரையும் சிறு பிள்ளைகளையும் காப்பதற்காகப் பிரிந்திருப்பது சிலவேளை ஒழுக்கரீதியாகவே அவசியமாகலாம் என்று எழுதினார். நாட்டுச் சட்டமும் உண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்; அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். உடலில் காயம் மட்டுமன்றி, தொடர்ந்து இழிவுபடுத்தும் கடுமையான மனவதையும் அதில் அடங்கும். 1938 என்ற இலக்கம் மகளிருக்கான அரச உதவித் தொலைபேசி. குளிரூட்டிப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

கதைக்கு வருகிறேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதுவரை ஒன்றும் பேசாதிருந்த தாய் தொலைபேசியை வாங்கி, முதலில் நான் பார்த்த அதே படத்தை, சிவப்புத் துண்டும் சிரிக்கும் மாணவருமாய் இருந்த அந்தப் படத்தை, வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு பேர் நிக்கினம். ஒரு பிள்ளையாவது இவளுக்குப் பக்கத்தில போய் நிக்கேல்லையே?" என்று மகளிடம் கேட்டார். மகள் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளித் தாய்க்குக் காட்டத் தொடங்கினாள். பெரியம்மாவும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அருகே நகர்ந்தார். எனக்கு அடுத்த வீட்டில் நோயாளி ஒருவரைச் சந்திக்க வேண்டியிருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பக்கம் இருந்தால், சித்திரக்கதையோ, தொடர்கதையோ, சினிமாவோ, அதைப் பற்றி இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். எந்தக் காட்சி, அதில் யார் என்ன செய்கிறார், வீட்டில் யார் என்ன சொன்னார் என்பது போதும். ஊர், பெயர் எழுத வேண்டியதில்லை. பிள்ளைகளின் கடிதங்களைப் பெற்றோர் திருத்தாமல் அனுப்பினால் நன்றியுடையவனாயிருப்பேன்.