டிப்போவுக்குப் போகாதேம்மா

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளையைக் கண்டக்டர் வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்ததை உன் அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. இப்போதுதான் முழு விவரமும் தெரிகிறது. நெரிசலான டவுன் பஸ். ஒரு ஸ்டாப்பில் ஏறிய இரண்டு பேரிடம் இவர் போய்ச் சேருவதற்குள் செக்கர்கள் ஏறிவிட்டார்கள். அதற்கு, காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று குற்றச்சாட்டு. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவருக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும்.

நாளைக்கே டிப்போவுக்குப் போய் மேனேஜரிடம் நியாயம் கேட்கப் போவதாக எழுதியிருக்கிறாய். போகாதே. உன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் நீ அங்கே சத்தம் போட்டால், குடும்பத்தை விட்டு மிரட்டினார் என்று அவர் பெயரிலேயே இன்னொரு மெமோ வரும். மில்லில் சங்க வேலை பார்த்த காலத்தில் தொழிலாளிக்கு உதவியாளாக எத்தனையோ விசாரணைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறைக்குள் மனைவிக்கு இடம் கிடையாது. ஆனால் பிற்பாடு கோர்ட்டில் பேசுவது வீட்டில் பத்திரமாக இருக்கிற காகிதம்தான். அதைக் காப்பாற்றுவது உன் வேலை.

முதலில் ஒன்று. "ஒப்புக்கொண்டு எழுதிக் கொடு, இன்கிரிமென்ட் கட்டோடு முடித்துவிடலாம்" என்று மேனேஜர் சொன்னாராமே, அந்தப் பேச்சுக்கு மாப்பிள்ளை மயங்கக் கூடாது. வாயால் சொன்ன சமாதானம் ஃபைலில் ஏறாது. எழுதிக் கொடுத்த மன்னிப்பு மட்டும் ஏறும். அதையே ஒப்புதல் வாக்குமூலம் என்று வைத்து வேலையை விட்டு அனுப்பிய கதைகளை நான் பார்த்திருக்கிறேன். ராஜினாமா பேச்சும் வேண்டாம்.

விசாரணையில் பெரிய ஆபத்து கையெழுத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கேள்வி கேட்டுவிட்டு, சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிற சமயத்தில் காகிதத்தை நீட்டுவார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் "படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது" என்று ஒரு வரி முன்கூட்டியே டைப் ஆகியிருக்கும். இவர் கேட்ட கேள்வி ஒன்று அதில் விட்டுப்போயிருக்கலாம், செக்கர் சொன்ன பதில் மாறியிருக்கலாம். ஒவ்வொரு பக்கமாகப் படிக்கச் சொல். விட்டுப்போனதைக் கையெழுத்துக்கு மேலேயே தன் கையால் எழுதி, தேதி போட்டு, நகல் வாங்கி வரச் சொல்.

பயணிகளை சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை, கேஸ் நிற்காது என்று யாரோ அவருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். ஹரியானாவில் ரத்தன் சிங் என்ற கண்டக்டரின் வழக்கில் 1977-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: உள்விசாரணைக்குப் பயணிகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. தொழிலாளி பக்கம் மனசுள்ளவர் என்று பேரெடுத்த நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. அதனால் செக்கரிடம்தான் கேட்க வேண்டும். அந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறினார்கள்? பஸ் கிளம்பி எவ்வளவு நேரத்தில் நிறுத்தினீர்கள்? பையில் இருந்த காசை எண்ணி வே பில் கணக்கோடு ஒத்துப் பார்த்தீர்களா? காசு வாங்கியிருந்தால் பையில் கூடுதலாக இருந்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்விகளும் பதில்களும் பதிவாக வேண்டும். சங்கத்துக்காரர் ஒருவரை உதவியாளாக அழைத்துப் போக விசாரணை அதிகாரிக்கு இப்போதே எழுதிக் கேட்கட்டும்.

என்ன ஆனாலும் விசாரணைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள்.

சஸ்பெண்ட் காலத்துக்கான பிழைப்பூதியம் இன்னும் வரவில்லை என்கிறாய். அது அவர்கள் போடும் பிச்சை இல்லை. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-ல் சட்டம் வந்தது. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். ஆனால் விசாரணைத் தாமதம் நம்மால் வந்ததாக மட்டும் இருக்கக் கூடாது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் ஆன்டனிக்கு நிர்வாகம் பிழைப்பூதியம் தரவில்லை. கேரளத்தில் இருந்த அவருக்கு விசாரணைக்கு வரக் கைக்காசு இல்லை. அவர் இல்லாமலே நடத்தி வேலையைப் பறித்தார்கள். 1999-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விசாரணையே செல்லாது என்றது. அதனால் பணம் வராத ஒவ்வொரு மாதமும் கேட்டு எழுதுங்கள், ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். இடையில் வேறு வேலைக்குப் போகிறேன் என்று அவர் கிளம்பினால் தடுத்துவிடு. வெளியே சம்பாதிக்கிறார் என்று காட்டி பிழைப்பூதியத்தையும் நிறுத்திவிடுவார்கள். வீட்டுச் செலவுக்கு நானும் உன் பெரியம்மாவும் இருக்கிறோம், கூச்சப்படாதே.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்ட பிறகுதான் தண்டனை பற்றி முடிவெடுக்க வேண்டும். 1993-லேயே சுப்ரீம் கோர்ட் இதை முடிவாகச் சொல்லிவிட்டது. அறிக்கை வந்த அன்றே எனக்குச் சொல்.

இனி உன்னிடம் மட்டும். நடந்ததை அவரிடம் ஒருமுறை தனியாகக் கேட்டுவிடு. அதற்குப் பிறகு திரும்பக் கேட்காதே, உறவுக்காரர் முன்னால் கேட்கவே கேட்காதே. சஸ்பெண்ட் ஆன மனுஷன் பகலில் வீட்டில் இருக்கிறார் என்பதே தெருவுக்குப் பேச்சாகிவிடும். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதிலிருந்து கடைக்குப் போவது வரை எப்போதும்போல நடக்கட்டும், ஒளிந்து வாழ வேண்டாம். ராத்திரி அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் நீயும் பக்கத்தில் உட்கார். விசாரணை முடிவு பாதகமாகவே வந்தாலும் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது. தண்டனை அதிகம் என்று பட்டால் குறைக்கிற அதிகாரம் அதற்கு உண்டு. வருஷங்கள் இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

குற்றச்சாட்டுக்கு விளக்கம் கொடுக்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அவர் எழுதியதை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
பெரியப்பா