கடவுச்சீட்டே பயணச்சீட்டு
(சீனத்து அதிவேகத் தொடர்வண்டியில் அயல்நாட்டார்)

ஆழ்வார்திருநகரி நிலையத்தில் திருச்செந்தூர் வண்டிக்குச் சீட்டு வாங்குவோரிடம் எவரும் பெயர் கேட்பதில்லை. இறங்கும் ஊரைச் சொன்னால் போதும். சீட்டில் ஊர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் வரை 61 கி.மீ. நீளும் இப்பாதை 1923ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நாசரேத்து, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என நின்று நின்று செல்லும் இவ்வண்டியில் பழகிய நமக்குச் சீன நாட்டின் அதிவேகத் தொடர்வண்டி இருவகையில் புதியது. ஒன்று அதன் வேகம். மணிக்கு 350 கி.மீ. செல்லும் வண்டி இந்த 61 கி.மீ. தொலைவைப் பத்தரை நிமிடத்தில் கடந்துவிடும். மற்றொன்று, அங்கே பெயரின்றி எவரும் ஏற இயலாது என்பது. வேகத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆதலின் நாம் ஈண்டுப் பெயரைப் பற்றியே பேச விழைகின்றோம்.

தமிழ்த் துறையினர்க்குச் சீனத்து வண்டியில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். விடை தாமிரபரணியின் கழிமுகத்திலேயே கிடக்கின்றது. பழையகாயலில் அகழ்ந்து பார்த்த கால்டுவெல் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டதாக எழுதியுள்ளார். பின்னாளில் சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் அவர்தம் குழுவினரும் தமிழகக் கடற்கரையில் அத்தகைய ஓடுகளைத் தேடி ஆராய்ந்தனர். இவ்வோடுகள் புறப்பட்ட கரையோரம் பூக்கியன் மாநிலத்துக் குவான்சோ நகரம் உள்ளது. அராபியர் அதனைச் 'சைத்தூன்' என்றனர். அந்நகரில் 1956ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் 1281, சித்திரைத் திங்கள். சம்பந்தப்பெருமாள் என்பார் சிவபெருமானை அங்கு எழுந்தருளச் செய்ததை அது கூறுகின்றது. செகசைகானின் 'பர்மான்' படி அது நிகழ்ந்தது என்றும் குறிக்கின்றது. செகசைகான் என்பது குப்ளாய்கானையே சுட்டும் என்பர் அறிஞர். பாரசீகச் சொல்லாகிய பர்மான், சீன மண்ணில், தமிழ்க் கல்லில், சைவர் ஒருவரின் திருப்பணிக்குச் சான்றாக நிற்பது நம் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. அயல்நாட்டான் அரசாணையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கு அன்றே வேரூன்றியிருந்தது.

இபுனு பதூதா கண்ட ஒழுங்கு

14ஆம் நூற்றாண்டின் நடுவில் மதுரைச் சுல்தான் கியாசுத்தீனின் அவையைக் கண்ட மொராக்கோப் பயணி இபுனு பதூதா, பின்னர்ச் சைத்தூன் துறைமுகத்தில் இறங்கியதாகத் தம் பயண நூலிற் கூறுகின்றார். அவர் சீனம் சென்றதையே ஐயுறுவோரும் உளர். எனினும் அவர் சொல்லும் ஒரு செய்தி இன்றும் பொருந்துகின்றது. ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஓர் அலுவலர் மாலையில் எழுத்தரோடு வருவாராம். தங்கியோர் பெயரையெல்லாம் எழுதி, முத்திரையிட்டு, கதவைப் பூட்டிச் செல்வாராம். காலையில் மீண்டும் வந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்த்து, அடுத்த தங்குமிடம் வரை ஆளுடன் அனுப்பி வைப்பாராம். பெரும் பொருளோடு ஒருவன் தனியே பல மாதங்கள் அஞ்சாது செல்லலாம் என்று அவர் அந்நாட்டைப் புகழ்வதற்கு இவ்வொழுங்கே காரணம். காவலும் கண்காணிப்பும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்!

பெயர் எழுதும் முறை

இன்று அவ்வெழுத்தரின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்துள்ளது. பெய்சிங்குக்கும் தியான்சினுக்கும் இடையே 2008 ஆகத்தில் தொடங்கிய 350 கி.மீ. வேகச் சேவை பெருகி, 2023 இறுதியில் அதிவேகப் பாதையின் மொத்த நீளம் 45,000 கி.மீ. அளவை எட்டியது. இவ்வண்டிகளில் உள்நாட்டார் தம் அடையாள அட்டையைக் கொண்டும், அயல்நாட்டார் கடவுச்சீட்டைக் கொண்டுமே இடம் பெறுவர். தாளில் அச்சிட்ட சீட்டு இப்போது வேண்டுவதில்லை, கடவுச்சீட்டே பயணச்சீட்டு. உள்நாட்டார் அட்டையை இயந்திரத்தில் வைத்து நொடியிற் கடப்பர். கடவுச்சீட்டைப் படிக்கும் வசதி எல்லா வாயிலிலும் இல்லை. ஆதலின் ஓரத்தில் பணியாளர் நிற்கும் வழியையே நாம் நாட வேண்டும்.

இங்கேதான் நம்மவர்க்கு இடர். தமிழர் பெயருக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாய் நிற்கின்றது. கடவுச்சீட்டிலோ அது விரிந்து ஒரு கட்டத்தில் அமர்கின்றது, அல்லது அக்கட்டம் வெறுமையாய்க் கிடக்கின்றது. சாகுல் அமீது என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை நம் கல்லூரி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே காணலாம். சான்றிதழில் ஒன்று, வங்கியில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என இருப்பின் அங்கே வாயில் திறவாது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென அச்சிட்ட இரு வரிகள் உள்ளன. அவற்றில் பெயர் எவ்வெழுத்தில், எவ்வரிசையில் உள்ளதோ அவ்வாறே சீட்டுப் பதிவிலும் இருத்தல் வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தாலும் இடர்தான். சீட்டுகள் பொதுவாகப் பயண நாளுக்கு 15 நாள் முன்னர் விற்பனைக்கு வரும். திருத்துவதற்குக் காலம் இருக்கும்படி முன்னரே வாங்குதல் நன்று.

மூன்று காயல்களும் மூன்று குவான்சோக்களும்

அயலார் ஒருவர் நெல்லையில் இறங்கிக் 'காயலுக்கு வழி எது?' என்று கேட்டால் நாம் திகைப்போம். பழையகாயலா, புன்னைக்காயலா, காயல்பட்டினமா? குவான்சோ செல்வார்க்கும் இந்நிலையே. 2010இல் திறந்த பழைய பாதையில் குவான்சோ நிலையம் உள்ளது. 2023 செப்டம்பரில் திறந்த பூச்சோ – சியாமென் – சாங்சோ அதிவேகப் பாதை 277 கி.மீ. நீளமுடையது, குவான்சோ வளைகுடாவைப் பாலத்தின் மீது கடப்பது. இதிலே குவான்சோ கிழக்கு, குவான்சோ தெற்கு என வேறு இரு நிலையங்கள் உள்ளன. சியாமெனிலும் தீவிலுள்ள நிலையம் வேறு, நிலப்பகுதியிலுள்ள வடக்கு நிலையம் வேறு. தோங், சி, நான், பெய் என்னும் நான்கு சொற்களே கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு ஆகிய திசைகளைக் குறிப்பன. இந்நான்கை மனனம் செய்தவர் பாதி வழி தெரிந்தவராவார். மேலும் நாம் 'குவான்சோ' என எழுதுவதை அங்குள்ளோர் ஏறத்தாழச் 'சுவான்ஜோ' என ஒலிப்பர். ஆகவே ஊர்ப்பெயரைச் சீன எழுத்தில் எழுதிய தாளொன்று மடியில் இருக்கட்டும்.

நிலையத்துள் நுழையும்போதே மூட்டைகள் சோதிக்கப்படும். கத்தி முதலியன தடுக்கப்படும். நம் ஊரைப்போல் நடைமேடையில் உலாவ இயலாது. கூடத்தில் அமர்ந்து, பலகையில் வண்டியெண் தோன்றியதும் வரிசையில் நிற்றல் வேண்டும். புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்னரே வாயிலை அடைத்துவிடுவர். ஓடிச்சென்று தொற்றிக்கொள்ளும் நம் திறமை அங்குச் செல்லாது.

ஏறிய பின் சொல்ல மிகுதியில்லை. இரண்டாம் வகுப்பில் ஒருபுறம் மூவர், மறுபுறம் இருவர் அமர்வர். பெட்டிதோறும் வெந்நீர் கிடைக்கும். ஹலால் உணவை நாடுவோர் வீட்டிலிருந்தே கட்டிச் செல்லுதல் நலம். நகரில் 'சிங்சென்' என்ற சொல்லும் அரபு எழுத்தும் கொண்ட உணவகங்களைத் தேடலாம். நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்பவர் கஸ்ருத் தொழுகைக்குரிய தொலைவை எட்டுவதில்லை. பூச்சோவில் ஏறுபவரோ ஒரு மணி நேரத்திற்குள் சியாமெனில் இறங்கும்போது அதனைக் கடந்திருப்பார். களைப்பே தோன்றாத இப்பயணத்தில் பயணிக்குரிய சலுகை ஏனென்று மாணவர் கேட்பின், மார்க்க அறிஞர்கள் தொலைவையே அளவாகக் கொண்டனர், களைப்பையன்று என்பதை நினைவூட்டலாம்.

குவான்சோவில் ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1009) எழுந்த பள்ளிவாசல் உள்ளது. கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் தமிழர் கோயிற் சிற்பங்கள் உள்ளன. கையுவான் பௌத்தக் கோயிலிலும் அத்தகைய தூண்கள் நிற்கின்றன. இவற்றைக் கண்டு மாலையில் விடுதிக்குத் திரும்பினால், முகப்பில் இருப்பவர் மீண்டும் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பெயரைப் பதிவார். இபுனு பதூதாவின் எழுத்தர்தாம் அவர். சினவாது கொடுத்துவிட வேண்டும். பதிந்த பெயர் சரியா என்று மட்டும் நாமும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வோமாக.