டிராக்டருக்குப் பின்னால் எத்தனை மூட்டை?

தை, மாசியில் சிதம்பரம், புவனகிரி பக்கம் நெல்லும் கரும்பும் ஒன்றாக ரோட்டுக்கு வந்துவிடும். “ஐம்பது ஹெச்.பி. வண்டி, எவ்வளவு போட்டாலும் இழுக்கும்” என்பார்கள். இழுக்கத்தான் செய்யும். ஆனால் பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. பின்னால் வரும் பாரம் முழுவதையும் டிராக்டரின் பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும்.

முதலில் டிரெய்லரின் ஆர்.சி.யை எடுங்கள். டிராக்டரின் ஆர்.சி. வேறு. டிரெய்லர் ஆர்.சி.யில் காலி எடை, பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஏற்றக்கூடிய சரக்கு. மொத்தம் 6,000 கிலோ, காலி 1,500 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 4,500. கொள்முதல் நிலையத்து மூட்டையில் நெல் 40 கிலோ, சாக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 110 மூட்டையோடு நிறுத்துங்கள். டிராக்டர் கையேட்டில் இழுவை வரம்பு டிரெய்லரின் மொத்த எடையைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்ணுக்கே கட்டுப்படுங்கள்.

பட்டறையில் ஆங்கிள் அடித்துப் பக்கப் பலகையை உயர்த்தியிருக்கிறீர்களா? அப்படியானால் ஆர்.சி.யில் உள்ள காலி எடையை நம்பாதீர்கள். காலி டிரெய்லரை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிவிடுங்கள்.

கரும்பை மூட்டைபோல எண்ண முடியாது. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போனாலும் சேத்தியாத்தோப்பு கூட்டுறவு ஆலைக்குப் போனாலும் எடைச் சீட்டு கையில் வருமே, அதைத் தூக்கி எறியாதீர்கள். வரம்புக்குள் வந்த நடையில் கரும்பு எவ்வளவு உயரம் நின்றதோ, அங்கே பலகையில் பெயின்ட் கோடு போடுங்கள். அடுத்த நடைக்கு அந்தக் கோடுதான் எல்லை.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் எங்கே உட்கார்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் குவித்தால் கொக்கி அழுந்தி, வெள்ளாற்றுக் கரை ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஸ்டியரிங் கேட்காது. பின்பக்கம் குவித்தால் கொக்கி மேலே தூக்கி, பின்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். அச்சுக்குச் சற்று முன்னே கனம் விழும்படி அடுக்குங்கள். சந்தேகமிருந்தால் டிராக்டரை மட்டும் மேடையில் நிறுத்தி, டிரெய்லரை மாட்டாமல் ஒருமுறை, பாரத்தோடு மாட்டி ஒருமுறை எடை பாருங்கள். வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் எடை.

எடை வரம்பை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிந்தைய மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000, இறக்குகூலி வேறு. இறக்காமல் வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். கரும்பு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால், எடை சரியாக இருந்தாலும் அதற்கும் 20,000. ஓட்டியவர் டிரைவர்தானே என்று உரிமையாளர் ஒதுங்கவும் முடியாது.

கிளம்பும்முன் கொக்கிப் பின்னில் கிளிப் இருக்கிறதா பாருங்கள். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இரண்டு பிரேக் பெடல்களையும் தாழ் போட்டு இணையுங்கள். கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒற்றைப் பெடலை மிதித்தால் டிராக்டர் ஒருபக்கமாகத் திரும்பும், டிரெய்லர் நேராக வந்து இடிக்கும்.